ஒரு மிளகாயின் பெயரை வாசிப்பது எப்படி

புதிதாக ஒரு மிளகாய்ப் பெயர் காதில் விழுந்தால் நான் முதலில் கேட்பது இதுதான்: இது எதற்கு வைத்த பெயர்? விதைக்கா, விளைந்த மண்ணுக்கா, காயின் தோற்றத்துக்கா, காய்ந்த வத்தலுக்கா, சந்தைக்கு வந்த மூட்டைக்கா? இதில் எது என்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். பிடிபடாமல் பெயரை மட்டும் நம்பி விதை வாங்கினால், நாற்று விட்டு, எடுத்து நட்டு, தண்ணீர் ஊற்றி, காய் பழுத்த பிறகுதான் விஷயம் தெரியவரும். அதற்குள் ஒரு பருவமே போய்விடும்.

நான் மதுரையில் மொட்டைமாடியில் மிளகாய் வளர்க்கிறேன். விதை எடுத்து, கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். அப்பா சாத்தூரில் ஒரு வத்தல் கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர். அதனால் மிளகாய்ப் பெயர்கள் எனக்கு இரண்டு திசையிலிருந்து வந்து சேர்ந்தன. அப்பாவின் சிட்டையில் இருந்தவை வியாபாரப் பெயர்கள். விதை கொடுப்பவர்கள் சொல்பவை வளர்ப்புப் பெயர்கள். இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து எனக்குக் கைவந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

மிளகாய் என்ற பெயரே இரவல் பெயர்தான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. அதுவரை இங்கே காரம் என்றால் மிளகு. அதனால் புதிய காய் மிளகின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. கன்னடத்தில் மிளகு மெணசு, மிளகாய் மெணசினகாயி. அசாமியில் மிளகு ஜாலுக், மிளகாய் ஜொலோகியா. மலையாளத்தில் மிளகாய் முளகு என்ற பெயரையே எடுத்துக்கொண்டது; பழைய மிளகு குருமுளகு ஆகிவிட்டது. புதிதாக வந்த பொருளுக்குத் தெரிந்த பொருளின் பெயரை வைப்பது மிளகாயின் கதையில் திரும்பத் திரும்ப நடக்கும். அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும் பெயர்கள்

குண்டு மிளகாய், ஊசி மிளகாய், குடைமிளகாய். சொன்னதும் காய் கண்முன் வந்துவிடும். ராமநாதபுரம் பக்கம் குண்டு என்றும் சொல்வார்கள், முண்டு என்றும் சொல்வார்கள். தெலுங்கில் சன்னம் என்றால் மெல்லியது. குண்டூர் சன்னம் மெலிந்து நீண்ட காய். கர்நாடகத்தின் பியாடகி மிளகாயில் இரண்டு வகை உண்டு, டப்பி, கட்டி என்று. டப்பி குட்டையாகப் பருத்தது. கட்டி என்றால் கன்னடத்தில் குச்சி, அதாவது ஒல்லிக்காய். நம் ஊர்க் கட்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சிக்கிமில் தல்லே குர்சானி என்று ஒரு மிளகாய். நேபாளியில் தல்லே என்றால் உருண்டை.

மற்ற நாடுகளிலும் இப்படித்தான். ஜப்பானின் தகானோத்சுமே பருந்தின் நகம். மெக்சிகோவின் காஸ்காபெல், காய்ந்த பிறகு ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுக்கும், அதனால் அந்தப் பெயர். ஜமைக்காவின் ஸ்காட்ச் பானெட், ஸ்காட்லாந்துக்காரர்கள் போடும் தட்டைத் தொப்பி போல மடிந்திருக்கும். தாய்லாந்துக்காரர்கள் தங்கள் ஊசி மிளகாயை ப்ரிக் கீ நூ என்கிறார்கள்; எலிப் புழுக்கை மிளகாய். கேட்க ஒருமாதிரி இருந்தாலும் அளவைச் சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

காய் செடியில் எப்படி நிற்கிறது என்பதும் பெயராகும். நம் ஊரில் காய் மேல்நோக்கி நிற்கும் மிளகாயை வானம் பார்த்த மிளகாய் என்பார்கள். தாய் மொழியில் ப்ரிக் சீ ஃபா என்றால் வானத்தைச் சுட்டும் மிளகாய். சீனத்தில் சாவ்தியென்ஜியாவ், வானத்தை நோக்கிய மிளகாய். மெக்சிகோவின் மிராசோல், சூரியனைப் பார்ப்பது. ஒருவரை ஒருவர் கேட்காமலேயே நான்கு நாட்டிலும் ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். இதற்குக் காரணமும் செடியிலேயே இருக்கிறது. காட்டு மிளகாயின் காய் சிறியது, நிமிர்ந்து நிற்கும், பழுத்தால் காம்பிலிருந்து சட்டென்று கழன்றுவிடும். எல்லாம் பறவைக்காக. பறவைகளுக்குக் காரம் உறைக்காது. பழத்தை விழுங்கி விதையைத் தூரமாகக் கொண்டுபோய்ப் போடும். மனிதன் பெரிய காயாகத் தேர்ந்தெடுத்து வளர்க்க வளர்க்கக் காய்கள் கீழே தொங்க ஆரம்பித்தன. ஆகவே பெயரில் வானமோ சூரியனோ இருந்தால், அந்தக் குணம் காட்டு மிளகாயிலிருந்து வந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த வகைப் பெயரைச் சோதிப்பது எளிது. பெயர் சொல்வதும் செடி காட்டுவதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வானம் பார்த்தது என்று கொடுத்த விதையில் காய் தொங்கினால் விதை மாறியிருக்கிறது, அல்லது கலந்திருக்கிறது. அதே சமயம் ஒன்றை மறக்கக் கூடாது. வடிவப் பெயர் காரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ராமநாதபுரம் குண்டும் உருண்டைதான், தல்லேயும் உருண்டைதான். குண்டைக் கிள்ளிப் போட்டுத் தாளிக்கும் கையோடு தல்லேயைத் தொட்டால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது.

ஊர்ப்பெயர்: இங்கேதான் நிதானம் வேண்டும்

மிளகாய்ப் பெயர்களில் அதிகம் ஊர்ப்பெயர்தான். அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். பெயரில் ஊர் இருந்தால் உடனே அங்கேதான் பிறந்தது என்று நினைத்துவிடுகிறோம். நான் ஊர்ப்பெயரைப் பார்த்தால் நான்கு கேள்வி கேட்பேன். விளைந்த ஊரா? விற்ற ஊரா? வந்து இறங்கிய துறைமுகமா? இல்லை, யாரோ தவறாக நினைத்துக்கொண்ட ஊரா?

கடைசியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ஹபனேரோ, ஸ்காட்ச் பானெட், நாகா மிளகாய் எல்லாம் சேரும் இனத்துக்குத் தாவரவியல் பெயர் காப்சிகம் சைனென்ஸ், அதாவது சீனத்து மிளகாய். 1776-இல் யாக்கன் என்ற தாவரவியலாளர் அது சீனாவிலிருந்து வந்தது என்று நினைத்து அப்படிப் பெயர் வைத்தார். உண்மையில் அது தென்னமெரிக்காவின் அமேசான் பகுதியைச் சேர்ந்தது. தாவரவியலில் முதலில் முறைப்படி வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பதால் பெயர் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் விதைப் பொட்டலத்தில் சைனென்ஸ் என்று பார்த்துவிட்டு இது சீன மிளகாயா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இல்லை, அது இனத்தின் பெயர் மட்டும்தான் என்று சொல்வேன். காப்சிகம் ஆன்னுவம் என்ற இன்னொரு இனத்துக்கும் இதே கதைதான். ஆன்னுவம் என்றால் ஓராண்டுச் செடி. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர். ஐரோப்பாவின் குளிரில் அது ஓராண்டோடு செத்துப்போகும். நம் வெயிலில் கவாத்து செய்து விட்டால் இரண்டாம் ஆண்டும் துளிர்த்துக் காய்க்கும்.

விளைந்த ஊருக்கு ஹலபென்யோ. மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் ஹலாப்பா என்று ஒரு நகரம்; ஹலபென்யோ என்றால் அந்த ஊர்க்காரன். போப்லானோ, புயப்லாக்காரன். செர்ரானோ ஊர்ப்பெயர் அல்ல, மலைப்பகுதிக்காரன் என்று பொருள். ஹபனேரோ என்றால் ஹவானாக்காரன், ஆனால் இன்று ஹபனேரோவுக்குப் பெயர்போனது மெக்சிகோவின் யூகாத்தான். கியூபாவின் பெயரைச் சுமந்துகொண்டு யூகாத்தானில் குடியிருக்கிறது.

வந்து இறங்கிய துறைமுகத்துக்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கைத் தமிழில் கொச்சிக்காய் என்ற சொல் கேட்டிருப்பீர்கள். கொச்சியிலிருந்து கப்பலில் வந்த காய். கேரளத்தின் பரங்கி முளகும் கப்பல் முளகும் இப்படித்தான், கொண்டுவந்தவனும் ஏறி வந்த வாகனமும் பெயரில் பதிந்துவிட்டன. கொச்சியில் நின்று கேட்டால் அதைக் கொச்சிக்காய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஓர் ஊரின் பெயர் ஒட்டிக்கொள்வது எப்போதும் அந்த ஊருக்கு வெளியேதான்.

விற்ற ஊருக்குப் பியாடகி. அது கர்நாடகத்தில் ஹாவேரி மாவட்டத்தில் உள்ள ஊர், பெரிய மிளகாய்ச் சந்தை. சுற்று மாவட்டங்களிலிருந்து எல்லாம் அங்கே மூட்டை வந்து இறங்கும். காய் சுருக்கம் சுருக்கமாக, நிறம் ஆழ்ந்த சிவப்பாக, காரம் குறைவாக இருக்கும். இப்போது பியாடகி என்ற பெயரைச் சேர்த்துக்கொண்ட கலப்பின ரகங்கள் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் விளைகின்றன. அங்கே அந்தப் பெயர் ஊரைக் குறிக்கவில்லை; சுருக்கம், நிறம், மிதமான காரம் என்ற குணத்தைத்தான் குறிக்கிறது. காஷ்மீரி மிளகாயும் அந்த வழியில்தான் போயிருக்கிறது. காஷ்மீரி என்று விற்கும் வத்தலில் தென்னிந்தியாவில் விளைந்ததும் நிறைய உண்டு. வாங்கும்போது கடைக்காரரிடம் எந்த மாநிலத்துச் சரக்கு என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் சொல்லிவிடுவார்.

சரி, அப்படியானால் ஊர்ப்பெயருக்கு எந்தக் காப்பும் இல்லையா? இருக்கிறது. புவிசார் குறியீடு அதற்காக வந்ததுதான். 1999-இல் சட்டம் இயற்றி, 2003-இல் நடைமுறைக்கு வந்தது. நாகா மிர்ச்சா 2008-இல், குண்டூர் சன்னம் 2010-இல், பியாடகி 2011-இல், மிசோ மிளகாய் 2015-இல், ராமநாதபுரம் முண்டு 2023-இல் பதிவாயின. ராமநாதபுரம் முண்டு என்று சட்டப்படி சொல்ல வேண்டுமானால் அது குறிப்பிட்ட எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். என் மொட்டைமாடியில் அதே விதையைப் போட்டு அச்சு அசலாக அதே காய் வந்தாலும் அது ராமநாதபுரம் முண்டு ஆகாது, வெறும் குண்டு மிளகாய்தான். அது நியாயம்தான் என்று நினைக்கிறேன். வானத்தை நம்பி, கரிசலிலும் களர் மண்ணிலும் அதைக் காப்பாற்றி வைத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அந்தப் பெயரின் பலன் அவர்களுக்குத்தான் போக வேண்டும்.

விதைக்கு ஒரு பெயர், மண்ணுக்கு ஒரு பெயர் என்று தெளிவாகப் பிரித்து வைத்தவர்கள் பாஸ்க் நாட்டு எஸ்பெலெட் ஊர்க்காரர்கள். பிரான்சின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. 2000-இல் அந்த மிளகாய்க்குப் பிரெஞ்சு அரசின் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. பத்து கிராமங்களில் விளைந்தால் மட்டுமே எஸ்பெலெட் மிளகாய். அங்கே விதைக்கும் ரகத்தின் பெயர் வேறு: கோரியா. பாஸ்க் மொழியில் சிவப்பு. நீங்கள் தேனியில் கோரியா விதைக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். வரும் காயை எஸ்பெலெட் என்று விற்க முடியாது. எந்தப் பெயரைப் பார்த்தாலும் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். இது எஸ்பெலெட் மாதிரியா, கோரியா மாதிரியா?

நம் சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. 2001-ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்படி ஒரு புதிய ரகத்தைப் பதிவு செய்யும்போது, பெயர் முழுக்கவோ ஒரு பகுதியோ ஊர்ப்பெயராக இருந்தால் பொதுவாக ஏற்கமாட்டார்கள்; அந்தப் பெயரைப் பயன்படுத்துவது நேர்மையானது என்று பதிவாளர் கருதினால் மட்டும் விலக்கு. வெறும் எண்ணாக மட்டும் இருக்கக் கூடாது, ஏற்கனவே உள்ள பெயராக இருக்கக் கூடாது, மதத்தாரின் மனம் புண்படக் கூடாது என்றெல்லாம் விதிகள் உண்டு. ஓர் அலுவலகத்தில் ஒரு குறிப்பிட்ட மண்ணோடு உள்ள தொடர்பைக் காட்டாமல் பதிவு கிடைக்காது, இன்னொரு அலுவலகத்தில் ஊர்ப்பெயர் இருந்தால் பதிவு கிடைப்பது கஷ்டம். ஒன்று மண்ணைப் பதிகிறது, மற்றது விதையைப் பதிகிறது.

எழுத்தும் எண்ணும்

கே 1, கோ 2, பிகேஎம் 1, பிஎல்ஆர் 1, பிஎம்கே 1, எம்டியு 1. பார்த்தால் பஸ் நம்பர் மாதிரி இருக்கும். ஆனால் விதை வாங்குகிறவருக்கு இதைவிட நேர்மையான பெயர் கிடையாது. எழுத்து, ரகத்தை உருவாக்கிய ஆராய்ச்சி நிலையம்: கே என்றால் கோவில்பட்டி, கோ என்றால் கோயம்புத்தூர், பிகேஎம் பெரியகுளம், பிஎல்ஆர் பாலூர், பிஎம்கே பரமக்குடி, எம்டியு மதுரை. எண், அந்த நிலையம் அந்தப் பயிரில் எத்தனையாவது ரகமாக வெளியிட்டது என்பது. பயிரின் பெயரைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கோ 2 என்று மட்டும் சொன்னால் வேறு பயிரிலும் ஒரு கோ 2 இருக்கும்.

இந்தக் குறியீடுகளுக்குப் பின்னால் பழைய ஊர்ப்பெயர்கள் ஒளிந்திருக்கின்றன, அதைத் தேடிப் பார்ப்பதில்தான் எனக்கு ஆசை அதிகம். கோ 1 சாத்தூர் சம்பாவிலிருந்து தேர்ந்தெடுத்தது. கே 2-வின் பெற்றோரில் ஒன்றும் சாத்தூர் சம்பா. அதாவது அப்பாவின் சிட்டையில் சம்பா என்று எழுதியிருந்த அந்த நீளமான காயின் வாரிசுகள். கோவில்பட்டியின் கே 1 அசாம் மிளகாய் ஒன்றிலிருந்து, ஒரே செடியின் வாரிசாகப் பிரித்தெடுத்த தூய வழி. பெயரைப் பார்த்தால் கரிசல்காட்டுப் பிள்ளை, பிறப்பைப் பார்த்தால் பிரம்மபுத்திராக் கரை. அந்தக் கே 1 விதையைக் காமா கதிரில் வைத்து மாற்றியதில் கிடைத்தது மதுரையின் எம்டியு 1, கொத்துக் கொத்தாகக் காய்க்கும். கோ 2 நம்பியூர் குண்டிலிருந்து வந்தது. அந்தக் கோ 2-வை ராமநாதபுரம் குண்டோடு சேர்த்துப் பரமக்குடியில் பிஎம்கே 1 உருவானது. ஆக, பிஎம்கே 1 என்ற பெயருக்குள் இரண்டு குண்டு மிளகாய்கள் உட்கார்ந்திருக்கின்றன. பொட்டலத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

மற்ற நிலையங்களின் முன்னொட்டுகளையும் தெரிந்துகொண்டால் நல்லது. அர்க்கா என்று தொடங்கினால் பெங்களூரின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம்: அர்க்கா லோகித், அர்க்கா மேக்னா. காசி என்று தொடங்கினால் வாரணாசியின் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம். எல்சிஏ என்று தொடங்கினால் குண்டூரை ஒட்டிய லாம் பண்ணை. இலங்கையின் எம்ஐ 1, எம்ஐ 2 மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் வந்தவை. பூசா என்றால் டெல்லி, ஆனால் பூசா பீகாரில் உள்ள ஊர். 1905-இல் அங்கே தொடங்கிய வேளாண் நிறுவனம் 1934 பூகம்பத்தில் இடிந்துபோய், 1936-இல் டெல்லிக்கு இடம் மாறியது. ஊர்ப்பெயரும் கூடவே ரயில் ஏறிவிட்டது. பூசா ஜ்வாலா அப்படி டெல்லியில் உருவான ரகம். ஜ்வாலா என்றால் தீக்கொழுந்து. அது மிகவும் பரவி, இன்று சந்தையில் நீளமாக வளைந்து சுருங்கிய வெளிர்பச்சைக் காயையெல்லாம் ஜ்வாலா என்றே சொல்லிவிடுகிறார்கள். ஒரு ரகத்தின் சொந்தப் பெயர் ஒரு தோற்றத்தின் பொதுப்பெயராகிவிட்டது. விதைக் கடையில் ஜ்வாலா என்றால், பூசா ஜ்வாலாவா, ஜ்வாலா மாதிரியா என்று கேளுங்கள்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலும் இதே பழக்கம். அங்கே பல்கலைக்கழக ரகங்கள் நியூமெக்ஸ் என்று தொடங்கும். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபேபியன் கார்சியா 1913-இல் நியூ மெக்சிகோ நம்பர் 9 என்று எண் மட்டும் வைத்து வெளியிட்டார். 1975-இல் ராய் நகயாமா வெளியிட்டது நியூமெக்ஸ் பிக் ஜிம். ஹாட்ச் ஊர் விவசாயி ஜிம் லைட்டிலின் பெயர் அது. கலிபோர்னியாவின் அனஹைம் மிளகாயும் நியூ மெக்சிகோ விதைதான், எமிலியோ ஓர்ட்டேகா அங்கே கொண்டுபோனது. ஹாட்ச் மிளகாய் என்று தனி ரகம் எதுவும் இல்லை. அது ஹாட்ச் ஊரைச் சுற்றிய பள்ளத்தாக்கில் விளைந்த பல ரகங்களின் பொதுப்பெயர், நம் ராமநாதபுரம் போல மண்ணின் பெயர்.

மூட்டையின் பெயரும் வத்தலின் பெயரும்

சந்தையில் எழுத்தும் உதிர்ந்துவிடும், எண் மட்டும் மிஞ்சும். எல்சிஏ 334 குண்டூரில் வெறும் 334. அங்கே தேஜா, 334, 341, ஆர்மூர் என்று பேச்சு ஓடும். இதில் தேஜா ரகத்தின் பெயர், ஆர்மூர் தெலங்கானாவில் ஓர் ஊர், மற்றவை எண்கள். எல்லாம் ஒரே தராசில். வியாபாரிக்கு விதையைப் பற்றிக் கவலை இல்லை. நிறம், காரம், காம்பு, ஈரம், அவ்வளவுதான். அதனால் மூட்டைப் பெயரை வைத்து விதை தேடக் கூடாது. அப்பாவின் சிட்டையிலும் அப்படித்தான். சம்பா புதுசு, சம்பா பழசு, குண்டு, சண்டு என்று வரிசையாக இருக்கும். சண்டு என்று ஒரு மிளகாய்ச் செடி கிடையாது. நிறம் வெளுத்துப்போன வத்தலைக் கழித்துத் தனியாகப் போட்ட குவியலுக்கு அது பெயர். சம்பாவிலும் சண்டு உண்டு, குண்டிலும் சண்டு உண்டு.

காய்ந்தால் பெயர் மாறுவது இன்னொரு குழப்பம். நம்மிடம் அது எளிது: பச்சை மிளகாய், மிளகாய்ப்பழம், வத்தல். யாழ்ப்பாணத்தில் செத்தல். தயிரில் ஊறிக் காய்ந்தால் மோர் மிளகாய். ரகத்தின் பெயர் கூடவே வரும், சம்பா வத்தல் என்று. மெக்சிகோவில் அப்படி இல்லை, காய்ந்ததும் முற்றிலும் புதுப்பெயர். போப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ. மிராசோல் காய்ந்தால் குவாஹியோ. சிலாக்கா காய்ந்தால் பசியா. ஹலபென்யோவைப் பழுக்கவிட்டுப் புகையில் உலர்த்தினால் சிபோத்லே; மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலில் மிளகாயும் புகையும் சேர்ந்த சொல். ஆகவே சிபோத்லே விதை கொடுங்கள் என்று யாராவது கேட்டால், அவருக்கு வேண்டியது ஹலபென்யோ விதையும் ஒரு புகையடுப்பும்.

பயமுறுத்தும் பெயர்கள்

அசாமின் பூத் ஜொலோகியாவை 2007-இல் கின்னஸ் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று பதிந்தது, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டியதற்காக. உலகம் பூத் என்பதைப் பேய் என்று எடுத்துக்கொண்டு பேய் மிளகாய் ஆக்கிவிட்டது. பூட்டானிலிருந்து வந்ததைக் குறிக்கும் சொல் அது என்றும் ஒரு விளக்கம் உண்டு. அங்கேயே அதற்கு வேறு பெயர்களும் இருக்கின்றன: பிஹ் ஜொலோகியா என்றால் விஷ மிளகாய், நாகாலாந்தில் ராஜா மிர்ச்சா, மணிப்பூரில் உ-மொரோக், அதாவது மர மிளகாய். ஒரே காய்க்கு ஒரு மக்கள் விஷம் என்றார்கள், ஒருவர் ராஜா என்றார்கள், ஒருவர் செடியின் உயரத்தைப் பார்த்து மரம் என்றார்கள். இதில் எது அசல் பெயர் என்று சண்டை போடுவது வீண். விதை கொடுத்தவர் எந்த மலையில் எந்தப் பெயரைச் சொன்னாரோ அதை அப்படியே எழுதி வையுங்கள்.

அதற்குப் பிறகு வந்த பெயர்கள் பந்தயத்துக்காகவே பிறந்தவை. டிரினிடாடின் மொருகா ஸ்கார்ப்பியனில் மொருகா ஊர், ஸ்கார்ப்பியன் காயின் நுனியில் உள்ள கொடுக்கு. இது நம் குண்டு, ஊசி மாதிரி நல்ல பெயர்தான். கரோலினா ரீப்பரை உருவாக்கியவர் தென் கரோலினாவின் எட் கர்ரி. 2013-இல் கின்னஸில் ஏறியது. ரீப்பர் என்றால் அறுப்பவன்; கையில் அரிவாளோடு வரும் எமன் உருவம். அந்தப் பெயர் வருவதற்கு முன் அதன் பெயர் எச்பி22பி. எச்பி என்பது ஹையர் பவர், அவர் நம்பிய மேலான சக்தியைக் குறிப்பது, 22 தொட்டியின் எண், பி அந்தத் தொட்டியில் இருந்த செடி. இந்த இரண்டு பெயரில் எது எனக்குப் பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் எச்பி22பி என்பேன். ரீப்பர் என்பது வாங்குபவரைக் கூப்பிடும் பெயர். எச்பி22பி எந்தத் தொட்டியில் எந்தச் செடி என்று காட்டிக்கொடுக்கும் பெயர். விதை காப்பவருக்குத் தேவை இரண்டாவதுதான்.

உங்கள் மிளகாய்க்குப் பெயர் எழுதும் முறை

முதலில் ஒரு விஷயம். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும், ஆனால் தேனீ வந்தால் பக்கத்துச் செடியோடு கலக்கும். கலந்தாலும் அந்தக் காய் தாய்ச்செடியின் காய் போலவே இருக்கும். கலப்பு உள்ளே விதையில்தான். அடுத்த முறை விதைத்தால்தான் தெரியும். அதனால் காயைப் பார்த்து எழுதிய பெயர் காய்க்குச் சரியாகவும் விதைக்குத் தப்பாகவும் இருக்கலாம். இதைத் தவிர்க்க, மொட்டு விரிவதற்கு முன்பே கொசுவலைத் துணியில் சின்னப் பை தைத்துக் கிளைக்குப் போட்டுக் கட்டுங்கள். பூத்ததும் கிளையை லேசாகத் தட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்த பிறகு பையை எடுத்துவிட்டு அந்தக் காயின் காம்பில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். நன்றாகச் சிவந்த பிறகு பறித்து, விதையை நிழலில் உலர்த்துங்கள்.

கடையில் வாங்கிய பொட்டலத்தில் எஃப் 1 அல்லது வீரிய ஒட்டு என்று இருந்தால், அதிலிருந்து எடுத்த விதைக்கு அந்தப் பெயரை எழுதாதீர்கள். அந்தப் பெயர் முதல் தலைமுறைக்கு மட்டும். அடுத்த தலைமுறையில் குட்டை, நெட்டை, காரம், காரமின்மை எல்லாம் பிரிந்து வரும். இன்ன கலப்பினத்தின் வாரிசு என்று எழுதலாம், அது உண்மை. அதிலிருந்து பிடித்த செடியை மட்டும் வருடா வருடம் தேர்ந்தெடுத்து வலை கட்டி விதை எடுத்தால், ஆறு ஏழு தலைமுறையில் ஒரே மாதிரியாக நிலைக்கும். அப்போது அது உங்கள் ரகம். அதுவரை தொட்டி எண்ணும் வருடமும் போதும், எட் கர்ரி செய்தது போல.

நிலைத்த பிறகு பெயர் வைக்கும்போது, பயிரிடும் தாவரங்களுக்கான சர்வதேசப் பெயரிடல் விதிகள் உதவும். 1953 முதல் உள்ளது. பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் எழுத வேண்டும், லத்தீன் வேண்டாம், முப்பது எழுத்துக்குள் இருக்க வேண்டும். இத்தோடு என் சொந்த விதி ஒன்று: செடியில் போய்ப் பார்த்தால் சரியா தப்பா என்று சொல்ல முடிகிற ஒரு குணமாவது பெயரில் இருக்கட்டும். ஊதாக்காம்பு என்று வைத்தால் வாங்கியவர் தானே சோதித்துக்கொள்வார். அக்கினி என்று வைத்தால் எதைப் பார்த்துச் சோதிப்பது? உழவர்கள் தங்கள் ரகத்தைச் சட்டப்படி பதிய விரும்பினால் பதிவுக் கட்டணம் கிடையாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தவரிடமிருந்து வந்த விதைக்குப் புதுப்பெயர் வைக்க வேண்டாம். என்னிடம் உள்ள ஒரு பொட்டலத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "முற்றத்து மிளகாய். ராஜபாளையம் பக்கம் ஒரு பாட்டி கொடுத்தது, அவர் சொன்ன பெயர். காய் மேல்நோக்கி, விரல் நகம் அளவு, பழுத்தால் செம்மஞ்சள். வலை கட்டி எடுத்தது. மாசி 2024." அந்தப் பாட்டியின் முற்றம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவேண்டாம். ஆனால் அந்தச் சொல்லை வைத்து நாளைக்கு வேறு யாராவது, எங்கள் ஊரிலும் முற்றத்து மிளகாய் உண்டே, ஆனால் சிவப்பாகப் பழுக்கும் என்று சொல்லக்கூடும். அப்போது இரண்டையும் ஒரே வரிசையில் விதைத்துப் பார்க்கலாம். நானே அழகாக ஏதோ பெயர் வைத்திருந்தால் அந்த உரையாடல் நடக்கவே நடக்காது.

ஒரே விதைக்கு இரண்டு பெயர் கிடைத்தால் இரண்டையும் எழுதுங்கள், எந்தப் பெயர் எந்த ஊரில் என்பதையும் சேர்த்து. ஒரே பெயரில் இரண்டு விதை வந்தால் கொடுத்தவரின் ஊரைப் பின்னால் சேர்த்துப் பிரித்து வையுங்கள். குண்டு, கமுதி என்றும் குண்டு, நம்பியூர் என்றும். ஒரு சீட்டு பொட்டலத்துக்கு உள்ளே, ஒன்று வெளியே. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மழைக்கால ஈரத்தில் ஊறிப் பரவிவிடும், பென்சில் எழுத்து அப்படியே இருக்கும்.